மிச்சம் ஐந்து

ஆனி பிறந்து பத்து நாள்.
குளச்சலில் விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கிறது.
தடைக்காலம்.
ஐஸ் பிளாண்டில் அச்சுகள் காலி.
அமோனியா வாடை மட்டும் தவறாமல் வேலைக்கு வருகிறது,
என்னைப் போல.

ஒரு பற்றுகூட எழுத வழியில்லாத பேரேட்டின் பின்பக்கத்தில்
ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பத்து இலக்கம்.
பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை எல்லாரும் வரவேண்டும்,
யாரும் இரண்டு தடவை வரக்கூடாது.
முதல் இலக்கம் ஒருத்தனுக்கு.
முதல் இரண்டையும் சேர்த்து வாசித்தால்
இரண்டு பேருக்குச் சரியாகப் பிரியவேண்டும்.
மூன்றைச் சேர்த்தால் மூன்று பேருக்கு.
இப்படியே பத்தாவது ஆள் ஏறும்வரை
எந்த இடத்திலும் மிச்சம் விழக்கூடாது.

சில இடங்கள் சண்டையில்லாமல் முடிந்தன.
கடைசியில் பூஜ்ஜியம்; வேறெங்கும் அவன் இருக்கமாட்டான்.
ஐந்தாவதில் ஐந்து.
பந்தியில் பெண்ணுவீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும்
மாறிமாறி உட்கார்ந்ததுபோல
ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை.
அதற்குப் பிறகு ரப்பர்தான்.
அழித்து அழித்துத் தாளில்
கடல் தெரிகிற அளவுக்கு ஓட்டை.

எளிதான ஒன்று முதலிலேயே வந்தது.
ஒன்பதிலிருந்து படியிறங்குவது:

9876543210

நம்பர் கேட்கிறவனிடமிருந்து தப்பிக்க
வாயில் வந்ததைச் சொல்வோமே, அது.
ஆனால் வகுத்துப் பாருங்கள்.
98 இரண்டுக்குப் போகும், 987 மூன்றுக்கு,
நாலு, ஐந்து, ஆறு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும்.
எட்டுக்கும் போகும். ஒன்பதுக்கும். பத்துக்கும்.
ஏழில் மட்டும் இடறும்.
98,76,543ஐ ஏழு பேருக்குப் பங்குவைத்தால்
ஐந்து மிச்சம்.

அதை விட்டுவிட்டேன்.

ஆடியில் ஒரு செவ்வாய், மழை தகரத்தில் கல் எறிந்த மத்தியானம்,
மற்றதெல்லாம் செத்து
ஒன்று மட்டும் நின்றது:

3816547290

மூன்று. முப்பத்தெட்டு. முந்நூற்று எண்பத்தொன்று.
பென்சில் நடுங்கியது ஏழில்தான்.
ஏழாமிடத்தில் ஏழே வந்து உட்கார்ந்திருந்தது.
ஒன்பதாமிடத்தில் ஒன்பது.
38,16,547 வகுத்தல் ஏழு:
ஐந்து லட்சத்து நாற்பத்தையாயிரத்து
இருநூற்று இருபத்தொன்று.
கீழே ஒன்றுமில்லை.
இதற்குத் தம்பி தங்கை கிடையாது.
பத்து இலக்கத்தை எப்படிக் குலுக்கிப் போட்டாலும்
இது ஒன்றுதான்.

பெர்க்மான்ஸ் வலையில் கிழிசல் கட்டிக்கொண்டிருந்தான்.
அவனிடம்தான் ஓடினேன்.
“முந்நூற்று எண்பத்தொரு கோடியே அறுபத்தைந்து லட்சத்து
நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு!”
“யாருக்க கடன்?” என்றான்.
“கடனில்ல. ஒண்ணுல இருந்து பத்துப் பேரு வரைக்கும்
மிச்சமில்லாம பிரியும்.”
நூலைப் பல்லால் கடித்தான்.
“அப்ப ஒனக்கு என்ன கிட்டும்?”

அவன் படகில் ஏழு பேர்.
கறிக்கு ஒதுக்கிய மீனை எண்ணிப் பங்குவைத்து
மிஞ்சுவதை என் மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள்.
சில நாள் ஒன்று, சில நாள் மூன்று.
ஆறுக்குமேல் ஒருநாளும் வராது;
அது எனக்குத் தெரியும்,
மேசைக்கடியில் படுத்திருக்கும் பூனைக்கும்
ஏறக்குறையத் தெரியும்.

பதில் சொல்லாமல் வந்தேன்.
காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் எழுதியிருந்த
அந்தக் குறையற்ற எண்ணை வெகுநேரம் பார்த்தேன்.
அழகுதான்.
யாருக்கும் எதையும் கொடுக்க அதனிடம் இல்லை.
அதன்கீழே, இறங்கிவரும் மற்றதையும் எழுதிவைத்தேன்.

ஆகஸ்ட் பிறந்தது.
அச்சுகளில் தண்ணீர் வெளுத்து இறுகியது.
போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
பேரேட்டின் முன்பக்கத்தில் மை.

நூற்றுமூன்று கணவாய்.
ஆளுக்குப் பதினாலு.
“ந்தா, ஒனக்க கணக்கு” என்று
ஈரமாக மேசையில் போட்டுவிட்டுப் போனான் பெர்க்மான்ஸ்:
ஐந்து.

பூனை எழுந்து வந்தது.
அதற்கு இரண்டு, எனக்கு இரண்டு.
நடுவில் கிடந்த ஒன்றை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.